பாதி மலை

வெடி வைக்கத் துளை போட்டு முடித்திருந்த பாறையின்மேல் வதினா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாறை முழுக்கத் துளைகள். தூசு உள்ளே விழாமலிருக்க ஒவ்வொன்றிலும் கந்தல் துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். துளை போடும் கம்ப்ரசர் நின்றுபோயிருந்தது. கீழே லாரி வரும் பாதையில் சிவப்புக் கொடியோடு ஒருவன் நின்றான். மேஸ்திரி பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மலையேறும்போது வதினாவின் குதிகாலில் முள் ஏறியிருந்தது. இன்னொரு முள்ளால் அதைக் கிளறிக்கொண்டிருந்தார். "எழுந்துக்கம்மா, மருந்து ஏத்தணும், நேரமாவுது" என்று மேஸ்திரி சொன்னதற்குத் தலையை நிமிர்த்தாமல், "இரு, முள்ள எடுத்துக்கிறேன்" என்றார். முள் வந்தது. அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் பெண்கள் ஒவ்வொருவராக ஏறி வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். பாறை சுட்டது. என் மடியில் மகள் தூங்கிப்போனாள்.

அவர் என் கணவரின் அக்கா. ஆந்திர எல்லை நடந்துபோகிற தூரம் என்பதால் எங்கள் வீடுகளில் உறவுமுறைகள் பாதி தெலுங்கில்தான் இருக்கும். அப்பாவை நைனா என்போம். கணவரின் அக்காவை வதினா என்போம். நாங்கள் இருளர். கனகம்மாசத்திரத்துப் பக்கம் பிறந்து, விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் நான் இந்தக் குடியிருப்புக்கு மருமகளாக வந்தேன். வந்த கொஞ்ச நாளில் பக்கத்து ஊர்ப் பால்வாடியில் டீச்சர் வேலை கிடைத்தது. குடியிருப்பில் எழுதப்படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் வதினாவுக்கு நான் தேவைப்பட்டேன். என்னைப் பிடித்திருந்ததா என்று கேட்டால் தெரியாது. அவருக்குப் பேசிக்கொண்டிருக்கிற வழக்கம் இல்லை.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் டவுன் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதையில் நடந்தால் எங்கள் குடியிருப்பு வரும். அதன் பின்புறம் எழுந்து நின்றது குன்று. வடக்கே உயரமாகவும் தெற்கே தாழ்ந்தும், படுத்திருக்கும் மாடு போல நீண்டு கிடந்தது. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் திருத்தணிக் கோயில் மலை, மறுபக்கம் நகரி மலைத்தொடர். வடக்கு உச்சியில் ஒரு பாறை நிழலில் ஏழு கன்னிமார், ஏழு கற்களாக, மஞ்சள் பூசி நின்றார்கள். அவர்களுக்குக் கீழே ஒரு சுனை. அதற்கும் கீழே, மலையின் வடக்கு அடிவாரத்தில், எங்கள் ஜனம் இறந்தவர்களைப் புதைத்த இடம். கீழே விளைகிற எதுவும் எங்களுடையது இல்லை. கரும்பு வெட்டப் போவோம், மாந்தோப்புக்குக் காவல் இருப்போம். மலையில் கிடைத்ததுதான் எங்களுடையது: தேன், களாப்பழம், கிழங்கு, மருந்துவேர், காய்ந்த விறகு. அரசாங்கக் கணக்கில் அது கல்லாங்குத்துப் புறம்போக்கு, யாருக்கும் பட்டா இல்லாத பாறை நிலம். எங்களில் யாருக்கும் அந்தச் சொல் அப்போது தெரியாது.

வதினாவைச் சின்ன வயதில் பழவேற்காட்டுக் காயலோரம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கேயும் எங்கள் ஜனம் உண்டு. ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். மலையடியில் பிறந்த பெண் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு ஆண்களுக்குச் சமமாகப் பிடித்தாராம். பிறகு கரையோரம் யார் யாரோ இறால் பண்ணை போட்டார்கள். தண்ணீரில் நின்ற அலையாத்திச் செடிகளை வெட்டிக் கரை எழுப்பினார்கள். பண்ணைக் கழிவு காயலில் இறங்கியது. நின்றால் கால் அரித்தது, பிறகு புண்ணானது. கணவர் காமாலையில் போன பிறகு, ஒரு துணி மூட்டையோடு வதினா தம்பியிடம் திரும்பி வந்து, பக்கத்தில் தனிக் குடிசை போட்டுக்கொண்டார். அந்தக் கதையை அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார், விறகு கட்டிக்கொண்டிருந்தபோது. "நாங்க பாத்துகினே இருந்தோம். ஒருத்தரும் இன்னான்னு கேக்கல. நாளைக்கு சரியாப்பூடும்னு நெனச்சிகினே இருந்தோம். ஒருநாள் கைய உட்டா வெறுஞ்சேறு." கட்டை இறுக்கி முடிந்துவிட்டு அவர் முன்னால் நடந்தார்.

அவர் திரும்பி வந்தபோது எங்கள் மலையும் நன்றாக இல்லை. செங்கல் சூளைக்கு விறகு வெட்டுகிறவர்கள் சைக்கிளில் வந்து பச்சை மரங்களையே சாய்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களும் வெட்டி விற்றார்கள். ஆடுகள் ஒரு துளிரையும் விட்டுவைக்கவில்லை. சுனை கோடை தொடங்கும் முன்பே வற்றியது. வதினா வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டார். அதைப் பேச்சுவார்த்தை என்று சொல்ல முடியாது. பச்சை மரத்தில் கத்தி வைக்கக் கூடாது, விழுந்ததை எடுக்கலாம். ஒரு பக்கம் ஆடு மேய்ந்தால் மறுபக்கம் சும்மா கிடக்கட்டும், அடுத்த மழைக்கு மாற்றிக்கொள்ளலாம். கன்னிமாரைச் சுற்றியும் சுனையைச் சுற்றியும் எதையும் தொடக் கூடாது. இவ்வளவுதான் அவர் கேட்டது. பெண்கள் முதலில் ஒப்புக்கொண்டார்கள், தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தானே. வெளி ஆட்கள் வரும் பாதையில் பகல் முழுக்க இரண்டு மூன்று பேராக உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் சிரித்தார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நின்று இறங்கச் சரிவில் குறுக்கே குழி வெட்டச் சொன்னபோது சிரித்துக்கொண்டே வெட்டினார்கள்.

முதலில் விதியை மீறியவர் என் வீட்டுக்காரர். மகள் பிறந்த கோடையில் கையில் எதுவும் இல்லாதபோது தெற்குச் சரிவில் ஓர் உசிலை மரத்தை வெட்டிச் சூளைக்குப் போட்டுவிட்டார். மறுநாள் காலை வதினா எங்கள் குடிசை வாசலில் வந்து நின்றார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு வெட்டினது?"

"நான்தான்க்கா."

"ஆங். வெட்டினவனே தண்ணி ஊத்தட்டும்."

அந்தக் கோடை முழுக்க என் வீட்டுக்காரர் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மலையேறி, புதிதாக முளைத்த கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அக்காவின் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "ஊருக்கே மாமியாராயிட்டா எங்கக்கா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். அது உள்ளே எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மலை தேறியது. அதைக் கண்ணால் பார்த்தவள் நான். சுனையில் கோடையிலும் குடம் முங்குகிற அளவு தண்ணீர் நின்றது. கவுதாரிகள் திரும்பி வந்தன. தெற்குச் சரிவில் உசிலையும் வெட்பாலையும் ஆள் உயரம் தாண்டின. இன்னும் சில ஆண்டுகள் அப்படியே விட்டிருந்தால் எப்படி ஆகியிருக்கும் என்று இப்போதும் சில சமயம் நினைத்துப் பார்ப்பேன்.

சென்னை பெரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. ஜல்லி வேண்டியிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் வெள்ளைச் சட்டைக்காரர்கள் சிலர் வந்து மலையின் வடக்குப் பாறைகளில் சுண்ணாம்பால் எண்கள் எழுதிவிட்டுப் போனார்கள். ஏலம் முடிந்துவிட்டதாம். எடுத்தவர் ஒரு கான்ட்ராக்டர். வதினா என்னைக் கூப்பிட்டு மனு எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கன்னிமார், சுனை, புதைகாடு, எல்லாம் வந்தது. திருத்தணி டவுனுக்குப் போய் ஓர் அதிகாரி முன்னால் நின்றோம். வீட்டில் அவ்வளவு பேசியவர் அங்கே வாயடைத்துப்போனார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். அதிகாரி மோசமானவர் இல்லை, களைத்துப்போனவர். "மலைக்கு உங்ககிட்ட பட்டா இருக்கா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார் வதினா. "சாதிச் சான்றாவது இருக்கா, நீங்க இருளர்னு?" அதுவும் எங்களில் யாருக்கும் இல்லை. "இல்லீங்க." மிச்சத்தை நான் சொன்னேன். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆடிக் கிருத்திகை சமயம். பஸ் நிலையம் முழுக்கக் காவடிகள். மஞ்சள் துணியும் மொட்டைத்தலையுமாக ஜனம் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வள்ளி எங்கள் பெண் என்று எங்கள் வீடுகளில் சொல்லுவார்கள்; மலையில் தினைக்காவல் இருந்தவள் வேறு யாராக இருப்பாள் என்பது எங்கள் கேள்வி. வதினா பஸ்ஸில் ஏறாமல் கோயில் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த மலைக்குப் படி கட்றாங்க. நம்ம மலைக்கு லாரி ரோடு போடறாங்க" என்றார். பிறகு, "உள்ளாற போனதும் நாக்கு ஒட்டிக்கிச்சும்மா. ஏன்னே தெரில" என்றார். அவர் என்னிடம் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பேச வராததால்தானோ என்னவோ, போய் உட்கார்ந்தார். முதல் வெடிக்குத் துளை போட்ட அன்று பாறையின்மேல் காலை நீட்டி உட்கார்ந்தது அப்படித்தான். அன்று வெடிக்க முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் வேன் வந்தது. பெண் போலீசார் எங்களைத் தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். குழந்தை இருந்ததால் என்னை விட்டுவிட்டார்கள். வதினாவையும் இன்னும் சில பெண்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் மாலையில் திரும்பினார்கள். வதினாமேல் மட்டும், யாரோ ஒருவருடைய கரும்புத் தோட்டத்தில் பம்புசெட் மோட்டாரைத் திருடியதாகத் தனியாக ஒரு வழக்கு எழுதியிருந்தார்கள். அந்த மோட்டாரை இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். வேலூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். ஜாமீன் கிடைக்கும் வரை சில வாரங்கள் உள்ளே இருந்தார்.

அந்த வாரங்களில்தான் என் வீட்டுக்காரர் குவாரியில் வேலைக்குச் சேர்ந்தார். நான் வேண்டாமென்றேன். "எப்பிடியும் ஒடைக்கத்தான் போறான். வேற ஊரு ஆளு வந்து ஒடைச்சா நல்லாருக்குமா?" என்றார். அதுவும் ஒரு காரணம்தான். கோடை முழுக்கக் குடம் சுமந்த தோளும் ஒரு காரணம் என்பதை நான் அறிவேன். குடியிருப்பில் பாதி ஆண்கள் அவருக்குப் பின்னால் போனார்கள். கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் அடுப்பு எரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு மாலை அவர் கல் சுமக்கும் இரும்புச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். மேலே சாக்கு மூடியிருந்தது. குடிசைக்குள் வந்து மூலையில் இறக்கி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கன்னிமார். மறுநாள் அந்தப் பாறைக்கு மருந்து வைக்கப் போவதாக மேஸ்திரி சொன்னதும், வேலை முடிகிற நேரத்தில் யாரும் பார்க்காமல் பெயர்த்து எடுத்து வந்திருந்தார். மஞ்சள் வாடை வீடெங்கும் பரவியது. அவற்றை எப்படி நிறுத்துவது, எது முதல், எது கடைசி என்று தெரியாமல் வெகுநேரம் கல்லும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பிறகு அழுதார்.

வதினா திரும்பி வந்த அன்று வடக்கு உச்சி இல்லை. தூரத்திலேயே, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, அவருக்குத் தெரிந்திருக்கும். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பி எழுந்து நின்றார்.

"கல்லு பத்திரமா கீதுக்கா."

வதினா மூலையைப் பார்த்தார். "கல்லு பத்திரம். எடம்?" என்றார்.

வதினா கற்களுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒன்றிரண்டை இடம் மாற்றி வைத்தார். அந்த ராத்திரி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அக்காவும் தம்பியும் ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிட்டதை நான் பரிமாறிக்கொண்டு பார்த்தேன். அதற்குப் பின் இருவரும் தேவைக்குமேல் பேசிக்கொள்ளவில்லை. கன்னிமாரை வதினா தெற்குச் சரிவில், அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். ஆனால் அங்கே பொங்கல் வைக்கும்போது எங்கள் பெண்கள் யாருக்கும் சாமி வரவில்லை.

குவாரி சில ஆண்டுகள் ஓடியது. மதியச் சோற்று வேளையில் சங்கு ஊதும். அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரும்புக்குள் ஓடுவோம். வெடித்ததும் பூமி அசைந்து, கொஞ்ச நேரம் கழித்துக் கூரைமேல் கல் விழும். சோற்றில் தூசு, துணியில் தூசு, பிள்ளைகளின் இமையில் தூசு. பால்வாடியில் இருமாத பிள்ளை இல்லை. சுனை ஒரு வெடியில் பிளந்து ஒரே நாளில் காலியானது. உடைத்து மிஞ்சிய கழிவை எங்கே கொட்டுவது என்று பார்த்தவர்கள், வடக்கு அடிவாரத்தில் வெறுமையாகக் கிடந்த நிலத்தைக் கண்டார்கள். புதைகாட்டில் நாங்கள் கல் நாட்டுவதில்லை, மேடு கட்டுவதும் இல்லை. லாரிக்காரர்களுக்கு அது வெறும் மண். லாரி லாரியாகக் கழிவைக் கொட்டி மூடினார்கள். வதினாவின் அம்மா அப்பா, அவர்களுக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் அதன் அடியில் போனார்கள். வதினா ஒவ்வொரு லாரிக்கும் முன்னால் போய் நிற்பார். யாராவது இழுத்து ஓரமாக விடுவார்கள். மறுநாளும் போவார். தெற்குப் பக்கம் கம்ப்ரசரை நகர்த்தியபோதெல்லாம் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மட்டும் அவர்களால் நுழைய முடியவில்லை. நுழையவிடாமல் தடுத்தது நாங்கள் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்துக் கல் மட்டம் என்று மேஸ்திரி சொன்னதாகவும் கேள்வி.

என் வீட்டுக்காரர் செத்தது ஒரு வெள்ளிக்கிழமை. வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்கவில்லை. பார்த்துவிட்டு வரும்படி மேஸ்திரி அனுப்பினார். மலையில் பிறந்தவன், கால் வழுக்காது என்று சொல்லி அவரைத்தான் எப்போதும் அனுப்புவார்கள். அவர் குனிந்தபோது அது வெடித்தது. நான் பால்வாடியில் சுண்டல் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதாமல் வந்த சத்தம் என்பதால் ஆயாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வதினாதான் முதலில் ஓடியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது தம்பியின் தலை அவர் மடியில் இருந்தது. முகத்தின் பாதியைத் தன் தலைப்பால் மூடி, மற்ற பாதி எனக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தார்.

பெரியவர்களோடு புதைக்க இடமில்லை. ரோட்டோரப் புறம்போக்கில் குழி வெட்டினார்கள். "இங்க வேணாண்டா, லாரி போற எடம்" என்று வதினா சொல்லிக்கொண்டே இருந்தார். வேறு எங்கே என்று அவர்கள் கேட்டார்கள்.

காரியம் முடிவதற்குள் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் வந்தார். மரியாதையாகப் பேசினார். மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அங்கே என் வீட்டுக்காரர் குவாரியில் வேலை செய்யவில்லை என்று சொன்னால் போதும் என்றார். தேன் எடுக்க மலையேறினார், தெரியாமல் அந்தப் பக்கம் போய்விட்டார் என்று சொல்லச் சொன்னார். "உங்க ஆளுங்க தேன் எடுக்கிறவங்கதானேம்மா, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க." அப்படிச் சொன்னால் தளம் போட்ட வீடு ஒன்று கட்டித் தருவதாகவும், மகளின் படிப்பைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். எங்கள் குடியிருப்பில் அன்று தளம் போட்ட வீடு ஒன்றுகூட இல்லை. குவாரியில் வேலை பார்த்த ஆண்களும் வந்து உட்கார்ந்தார்கள். அதில் என் கணவரின் சித்தப்பா ஒருவர், "போனவன் போயிட்டான்மா. குவாரிய மூடிட்டா நாங்க எங்க போறது? எல்லாரும் சூளைக்குத்தான் போவணும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

வதினா மட்டும் எதுவும் சொல்லவில்லை. சொல்லுவார் என்று நாளெல்லாம் காத்திருந்தேன். கடைசியில் நானே போய்க் கேட்டேன். அவர் கன்னிமாருக்குப் பக்கத்தில் சருகு அள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் இன்னா சொல்லட்டும் வதினா?"

"எனக்கு அவன் தம்பி. உனக்குப் புருசன். கொழந்த உன்னுது, சொல்ற வாயும் உன்னுது."

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

"நான் நெனைக்கிறத சொன்னா நீ அத்த செய்வே. அப்புறம் காலம்பூரா என்னத் திட்டுவே" என்றார். சருகை அள்ளிக்கொண்டே, "வூடு வாங்கிகினாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். மழைக்கு ஒழுகாத வூட்ல என் தம்பி பொண்ணு படுக்கறது எனக்கு மட்டும் வேணாமா" என்றார்.

விசாரணை நடந்த அறையில் கான்ட்ராக்டர் தரப்பில் நான்கைந்து பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். வதினா எனக்குப் பின்னால் சுவரோரம் நின்றார். "உங்க வீட்டுக்காரர் எதுக்கு அங்க போனார்? தேன் எடுக்கவா?" என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்ற ஒரு சொல் நாக்கில் தயாராகத்தான் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அப்போது எனக்கு மலையின் வடக்குப் பக்கம் கண்ணில் வந்தது. "அந்தப் பக்கம் தேன் கட்ட ஒரு மரம் இல்லீங்க. வெறும் பாறைதான். வெடிக்காத மருந்தப் பாத்துட்டு வரச் சொல்லி மேஸ்திரி அனுப்பினாரு. அவரு அங்க வேலைக்குச் சேந்து மூணு வருசமாச்சி" என்றேன். வெளியே வந்ததும் வதினா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்தார். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கை. பிடித்தபடியே இருந்தது.

குவாரியை நிறுத்தினார்கள். முதலில் தற்காலிகமாக என்றார்கள். பிறகு வழக்கு, பிறகு குத்தகைத் தவணை முடிந்தது, திரும்ப ஏலம் விடவில்லை. இதை வெற்றி என்று எங்கள் குடியிருப்பில் யாரும் சொன்னதில்லை. வேலை போன குடும்பங்கள் சூளைகளுக்குப் போயின. சிலர் திரும்பி வரவே இல்லை. சித்தப்பா வீட்டார் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள், இன்றுவரை பேசுவதில்லை. அதே லாரிகள் கொஞ்சம் தள்ளி வேறொரு குன்றுக்குப் போயின. அந்தக் குன்று இப்போது இல்லை. மழை பெய்தபோது எங்கள் குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது, பச்சையாக, ஆழம் தெரியாமல். பக்கத்து ஊரிலிருந்து குளிக்க வந்த இரண்டு பிள்ளைகள் அதில் மூழ்கிப் போனார்கள். அதன் பிறகு வதினா பகலெல்லாம் பள்ளத்தின் விளிம்பில் குச்சியோடு உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் அவருக்குப் பயந்தார்கள். விடுமுறை நாட்களில் அவர் சாப்பிடக்கூட வீட்டுக்கு வருவதில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அங்கேதான் அவர் இருமல் முற்றியது. வெடிக் காலத்துத் தூசு என்றார்கள், காசம் என்றார்கள். மாத்திரை வாங்கித் தந்தேன், ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. இரண்டாயிரங்களின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் டவுன் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. மகள் அப்போது அவர் கட்டிலருகே இருந்தாள். தெற்குப் பக்கம் இந்த மழைக்கு ஆடு விடலாமா கூடாதா என்று கேட்டாராம். விடக் கூடாது, போன வருசம்தான் விட்டோம் என்று இவள் சொன்னாளாம். "ஆங்" என்றாராம். அதுதான் கடைசி.

எங்கே புதைப்பது என்று பேச்சு வந்தது. அவர் வளர்த்த தெற்குச் சரிவில், கன்னிமாருக்குப் பக்கத்தில் என்று எல்லாரும் சொன்னார்கள். மண்வெட்டியோடு போனார்கள். எங்கே வெட்டினாலும் வேர் வந்தது. இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒரு குழிக்கு இரண்டு மூன்று மரத்தின் வேரையாவது அறுத்தாக வேண்டும். ஆண்கள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் வெட்டவில்லை.

அப்போது சித்தப்பா, என்னோடு பேசாத அந்தச் சித்தப்பாதான், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கு அடிவாரத்துக்கு நடந்தார். கழிவுக் குவியலின் ஓரத்தில், அவருக்கு நினைவிருந்த ஓர் இடத்தில், தோண்டத் தொடங்கினார். முதலில் அவர் மட்டும். பிறகு குவாரியில் அவரோடு வேலை பார்த்தவர்கள். கடைசியில் எல்லாரும். உடைந்த கல், ஜல்லி, கல்பொடி. அள்ள அள்ளச் சரிந்து விழுந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் இரும்புச் சட்டியில் வாங்கி வாங்கி வெளியே கொட்டினோம். கல்லை உடைத்துக் கூலி வாங்கிய அதே ஆட்கள், அதே கைகள். சாம்பல் நிறம் முடிந்து கீழே சிவந்த மண் தெரிந்தபோது சித்தப்பா மண்வெட்டியை வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கி, கையால் தடவிப் பார்த்து, "இதான். அண்ணன் இங்கதான்" என்றார். வதினாவை அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

இப்போது கழிவுக் குவியல் அந்த ஓரத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் எங்கள் ஜனம் அங்கே போய்க் கல்லை அள்ளி அப்புறப்படுத்தி, பழைய மண் தெரிகிற வரை தோண்டித்தான் புதைக்கிறது. அரை நாள் ஆகும். என் வீட்டுக்காரரையும் ரோட்டோரத்திலிருந்து எடுத்து அங்கே கொண்டுபோக வேண்டுமென்று ஆசை. முடியுமா என்று தெரியவில்லை, ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு பக்கம் பச்சையாகவும் ஒரு பக்கம் அறுத்துப்போட்டது போலவும் ஒரு குன்று தெரியும். எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பார்களோ எனக்குத் தெரியாது. போன மாதம் பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்தபோது நானும் சட்டி தூக்கினேன். என் மகள் குழிக்குள் நின்று அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழைய மண்ணுக்கு இன்னும் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். "வரும்மா, வந்துகினே கீது" என்றாள்.